தவறு வேறு, பொய் வேறு

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, மேலே இருக்கும் கண்டெய்னரின் கதவைப் பாருங்கள். நான்கு எழுத்து, அதையடுத்து ஆறு எண், கடைசியாகச் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் எண். முதல் மூன்று எழுத்தும் பெட்டி யாருடையது என்று சொல்லும், நான்காவது எழுத்து அதன் வகையைச் சொல்லும், ஆறு எண்ணும் வரிசை எண். கட்டத்துக்குள் இருப்பது மட்டும் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முன்னால் உள்ள பத்தையும் வைத்துப் போட்ட கணக்கின் விடை அது.

கணக்கு எளிது. ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரவிதி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு கொடுத்திருக்கிறது. முதல் இடத்து மதிப்பை 1ஆல் பெருக்க வேண்டும், இரண்டாவதை 2ஆல், மூன்றாவதை 4ஆல். இப்படி இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவதை 512ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் போகிறது. மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். இதை விளக்குபவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் எண் சிஎஸ்கியூயூ 305438. கூட்டுத்தொகை 6185, மீதி 3. கேட்டில் உட்கார்ந்திருப்பவர் தூக்கக் கலக்கத்தில் 305348 என்று இடம் மாற்றி அடித்துவிட்டால், கடைசி எண் 0 என்று வந்தாக வேண்டும். பெட்டியிலோ 3 இருக்கிறது. கணினி ஏற்றுக்கொள்ளாது.

ஒருவர் வேண்டுமென்றே கள்ள எண் எழுத நினைத்தால்? சூத்திரம் ஊருக்கே தெரியும். அவரும் உட்கார்ந்து பெருக்கி, கூட்டி, வகுத்து, பிசகில்லாத கடைசி எண்ணோடு எழுதிவிடுவார். கணினி வாயே திறக்காது. தவறைப் பிடிக்கத் தெரிந்த சூத்திரத்துக்குப் பொய்யைப் பிடிக்கத் தெரியாது.

நெட்வொர்க் பற்றிய புத்தகங்களைத் திறந்தால் சொற்கள் மழையாகக் கொட்டும். அவற்றில் பாதி தவறைச் சமாளிக்க வந்தவை, மீதி பொய்யைச் சமாளிக்க வந்தவை என்று பிரித்துப் பார்த்தால் பயம் பெரும்பாலும் போய்விடும். முதல் பாதி பழையது, அழகாகத் திட்டமிட்டுக் கட்டியது. இரண்டாவது பாதி, கட்டி முடித்துக் குடிபுகுந்த பிறகு அவசரத்தில் வைத்த ஒட்டு. இன்று வரை ஒழுகுவது அந்த ஒட்டுகளின் ஓரத்தில்தான்.

முதலில் தவறின் கதை.

பெட்டி துறைமுகத்துக்குள் நுழையும் முன்பே அதைப் பற்றிய தகவல் உள்ளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏற்றுமதியாளருக்காகச் சுங்கத்துறை ஏஜென்ட் ஒருவர் தன் அலுவலகத்திலிருந்து ஷிப்பிங் பில் போடுகிறார். அவர் அறையில் நான்கு கணினி, ஒரு பிரின்டர். எல்லாம் ஸ்விட்ச் என்ற பெட்டியில் சொருகப்பட்டிருக்கின்றன. இந்த அறை அளவிலான வலைதான் லேன். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்துக் கொடுத்த 48 பிட் எண் உண்டு; அது மேக் முகவரி. எந்த ஒயரின் முனையில் எந்த மேக் முகவரி இருக்கிறது என்பதை ஸ்விட்ச் கவனித்துக் கற்றுக்கொள்ளும். அறையைத் தாண்டி வெளியே இந்த எண்ணுக்கு வேலை இல்லை.

வெளியே போக ஐபி முகவரி வேண்டும். பழைய முறையில் இது 32 பிட்; மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகத்துக்குப் போதவில்லை. அதனால் அந்த அலுவலகத்தின் நான்கு கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் முகவரிதான். அதே எண்கள் அடுத்த தெருவிலும் இருக்கும், திருநெல்வேலியிலும் இருக்கும். வாசலில் நிற்கும் ரூட்டர், எல்லோருக்குமாக ஒரே பொது முகவரியைப் போட்டு வெளியே அனுப்பி, பதில் வந்ததும் யார் கேட்டது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தின் பெயரை ஏஜென்ட் எழுத்தில் அடிக்கிறார். அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடிச் சொல்வது டிஎன்எஸ்.

ஸ்கேன் செய்த இன்வாய்ஸ் 30 லட்சம் பைட் என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாகப் போகாது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 பைட் கொண்ட 2,000 சொச்சம் பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டுப் போகும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள், வரிசை எண், கூடவே கண்டெய்னர் கதவின் கடைசி எண்ணைப் போன்ற ஒரு சரிபார்ப்புத் தொகை. வழியில் மின்கோளாறால் ஒரு பிட் புரண்டால் அது காட்டிக்கொடுத்துவிடும். வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் இந்த ஏற்பாட்டின் அடிப்படையை விளக்கிய கட்டுரை 1974 மே மாதம் வெளியானது. இரண்டே மாதத்தில், 1974 ஜூலை 11 அன்று, தூத்துக்குடி இந்தியாவின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லைதான். ஆனாலும் அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு டிசிபி என்ற விதிமுறை சொல்லும் பதில் முத்துக்குளித்துறைக்குப் புதிதல்ல. கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்குள் இறங்குபவரின் கயிற்றை மேலே தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். மூச்சு தாங்கும் நேரம் கடந்தும் அசைவு வராவிட்டால், அதற்குமேல் காத்திருக்காமல் இழுத்துவிட வேண்டும். டிசிபியும் இதையேதான் செய்கிறது: பெற்றேன் என்ற ஒப்புகை வந்தால் அடுத்தது; குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், தொலைந்தது என்று கொண்டு மறுபடி அனுப்பு. கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்ற கணக்கு. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருந்தன: கயிற்றின் அசைவு, கயிற்றைப் பிடித்தவர் யார் என்பது. டிசிபி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. மறுமுனையில் இருப்பது மைத்துனரா, மாற்றானா என்று அது கேட்பதே இல்லை.

தூத்துக்குடிப் பெட்டிகள் பல சிறிய கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடிய அதே வழி. தகவலுக்கும் அதே வழியில் ஒரு பாதை போட்டார்கள்: பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கு இழுத்த ‘பாரத் லங்கா’ கடலடிக் கேபிள், 2006இல் வந்தது. நீளம் 320 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு நொடியை 600 பங்கு போட்டால் ஒரு பங்கு நேரத்தில் அக்கரை.

ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் பாக்கெட் இந்தக் குறுக்குவழியில்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது சென்னைக்கோ மும்பைக்கோ ஏறி, சிங்கப்பூர் சுற்றிக்கூடக் கொழும்பில் இறங்கலாம். எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தின் போக்குவரத்தைச் சுமக்க ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே பாதையைத் தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தங்களுக்கு ஏற்ற வழிகளை ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறைக்கு பிஜிபி என்று பெயர். ஒரு வழி அறுந்தால் மற்றொன்று என்பது இதன் பலம். மாற்று வழி போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 ஆகஸ்டில் இலங்கை பார்த்தது. கொழும்புத் துறைமுகத்தருகே ஓர் இந்தியக் கப்பல் நங்கூரம் போட்டதில் கடலடிக் கேபிள் அறுந்து, நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரும்பாலும் முடங்கிப்போயின.

நங்கூரமும் தவறுதான். பிட் புரள்வது, பாக்கெட் தொலைவது, கேபிள் அறுவது எல்லாவற்றுக்கும் 1974இன் சிந்தனையில் மருந்து இருந்தது. பொய்க்கு இல்லை. முன்பின் பார்த்திராத இருவர், ஊரே ஒட்டுக்கேட்கும் வழியில் பேசி, தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று டிஃபியும் ஹெல்மேனும் வெளியிட்டது 1976இல்தான். பாக்கெட்டுக்கு அடிப்படை விதிகளை வகுத்த பிறகு.

பொய்க்கு மருந்தே சேர்க்காமல் விட்ட ஒரு நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று பார்க்கத் துறைமுகத்தை விட்டு எங்கும் போக வேண்டாம். பெரிய கப்பல்கள் ஏ.ஐ.எஸ். என்ற கருவி வழியாகத் தங்கள் இருப்பிடம், வேகம், திசை, அடையாள எண் ஆகியவற்றை வானொலியில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அடையாள எண் 9 இலக்கம். 419 என்று தொடங்கினால் இந்தியக் கப்பல், 417 என்றால் இலங்கை. மோதலைத் தவிர்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த அறிவிப்பில் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. நான்தான் இன்ன கப்பல் என்று எவரும் சொல்லலாம். 2021 ஜூனில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் டிஃபெண்டரும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் கிரிமியாவின் செவஸ்தபோல் கடற்படைத் தளத்தை நெருங்கியதாக ஏ.ஐ.எஸ். வரைபடம் காட்டியது. அதே இரவில் அவை ஒடெசா துறைமுகத்தில் கட்டிக்கிடந்ததை அங்கிருந்த வெப்கேமரா நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இங்கே சங்கேதமாக்கல் போட்டாலும் போதாது. மறைப்பது ஒரு வேலை. யார் என்று நிரூபிப்பது வேறு வேலை. ஏ.ஐ.எஸ்.ஸில் மறைக்க எதுவுமே இல்லை, எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே அறிவிக்கிறார்கள். அங்கே இல்லாமல்போனது டிஜிட்டல் கையொப்பம். ரகசியச் சாவி ஒன்று, அதற்கு ஜோடியாகப் பொதுச் சாவி ஒன்று. ரகசியச் சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம், ஆனால் வேறு எவராலும் போட முடியாது. கண்டெய்னர் கதவின் கணக்கு செய்யாததை இந்தக் கணக்கு செய்கிறது.

இணையதளங்களின் சான்றிதழ் இதே சரக்குதான். பல பிரவுசர்களில் தெரியும் பூட்டுப் படம், இந்தப் பெயருள்ள தளத்தோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு மட்டும் உத்தரவாதம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. பூட்டைப் பார்த்தால் நம்பலாம் என்று பல ஆண்டுகள் மக்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கெடுதலான பாடம் என்பது என் கருத்து. ஏற்றுமதி நிறுவனங்களைப் பதம் பார்க்கும் மோசடி இப்படித்தான் நடக்கிறது: ஏற்றுமதியாளரின் கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு டொமைன் பதிவு செய்து, அதற்குப் பூட்டும் வாங்கிக்கொண்டு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று வாங்குபவருக்கு மெயில் போகும். இது ஃபிஷிங்கின் ஒரு வகை. எந்தக் கணிதமும் உடைக்கப்படவில்லை. முன்பே தெரிந்த போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்பதை விடச் சிறந்த மருந்து இதற்கு இன்னும் வரவில்லை. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடிப்பதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அடுத்த சொல் ஃபயர்வால். ஒரே சர்வர் பல வேலைகளுக்குப் பல எண்ணிட்ட கதவுகளைத் திறந்து வைத்திருக்கும்: இணையப் பக்கத்துக்கு 443, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445 என்று 65,535 வரை. எந்தக் கதவுக்கு எங்கிருந்து வரலாம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு தடுப்பதும் விடுவதும் ஃபயர்வாலின் வேலை. தேவையானதுதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 2011 முதல் ஒரு போதைக் கும்பல், கொக்கெய்ன் ஒளித்த பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கம்பெனிக் கணினிகளிலிருந்து திருடி, உரியவர் வருவதற்கு முன்பே தன் லாரியை அனுப்பி எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் மெயிலில் தீநிரல் அனுப்பித்தான் நுழைந்தார்கள். கண்டுபிடித்து ஃபயர்வால் போட்டார்கள். கும்பல் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து, பிளக் பாயின்ட் பெட்டிக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உறைக்குள்ளும் விசை அழுத்தங்களைப் பதிவுசெய்யும் கருவிகளை ஒளித்து வைத்துவிட்டுப் போனது.

இந்தியத் துறைமுகம் ஒன்றுக்கு அடி விழுந்தது 2017 ஜூன் 27 அன்று. உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றியவர்கள், அப்டேட்டோடு சேர்த்து நாட்பெட்யா என்ற தீநிரலை அனுப்பினார்கள். அதாவது, கணினிகள் நம்ப வேண்டும் என்று பழக்கப்பட்ட வாசல் வழியாகவே பொய் நுழைந்தது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் வலைக்குள் வந்ததும், உலகம் முழுக்க ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்த கணினிகளில் பரவியது. நவி மும்பையின் நவசேவாவில் மெர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. 445ஆம் கதவில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, பேட்ச் என்பார்கள், மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்ட கணினிகளும் தப்பவில்லை. போடாத ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த நிர்வாகியின் கடவுச்சொல்லை எடுத்து, அதைக் காட்டியே அடுத்த கணினிக்குள் நாட்பெட்யா நடந்து போனது. மெர்ஸ்க் 10 நாளில் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. பணயத்தொகை கேட்கும் ரான்சம்வேர் போல அது திரையில் நடித்தது. உண்மையில் அழிப்பதற்கென்றே எழுதியது, பணம் கட்டினாலும் எதுவும் திரும்பாது.

யாருக்கு எந்தக் கணினியில் என்ன அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். மெர்ஸ்க்கின் அத்தனை டொமைன் கன்ட்ரோலர்களும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றொன்று என்ற ஏற்பாடு. தவறுக்கு எதிராக இதைவிடச் சிறந்த காப்பு கிடையாது. பொய் வந்தபோது எல்லாமே சேர்ந்து போயின. ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. தாக்குதலுக்குச் சற்று முன் கானா நாட்டு அலுவலகத்தில் கரண்ட் போயிருந்ததால் அந்த சர்வர் வலையில் இல்லை. அதை வைத்துத்தான் மீண்டார்கள்.

அந்தக் கரண்ட் கட் தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வதற்கு, வலையைத் துண்டுபோடுவது என்று பெயர். கேட்டில் இருக்கும் கணினி, கிரேனை இயக்கும் கணினி, சம்பளக் கணக்குக் கணினி மூன்றும் ஒன்றையொன்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஸ்விட்ச்சுக்குள் தடுப்புகளைப் போட்டுத் தனித்தனி வலையாக நடத்துவது விலேன். ஒயரே இல்லாமல் முழுக்கப் பிரித்து வைப்பது ஏர்கேப். சுவரை உயர்த்துவதற்குச் செலவிடும் பணத்தில் பாதியை உள்ளே அறைகளைத் தடுக்கச் செலவிட்டால் நல்லது என்று சொல்வேன். ஆனால் சுவர் கண்ணுக்குத் தெரியும், அறைகள் தெரியாது. பட்ஜெட் போடுபவர்களுக்கு அதுதான் சிக்கல்.

இதே மன்னார் வளைகுடாக் கரையில் தெற்கே போனால் கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில், அணுமின் நிலையத்தின் வலைக்குள் டிட்ராக் என்ற உளவு நிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் தரப்பு மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, வெளி வலையோடு இணைப்பில்லை, தாக்குதலே சாத்தியமில்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிரல் இருந்தது உண்மை, நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த வலையில் ஒருவரின் கணினியில் இருந்தது, முக்கிய உள் வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது, பாதிப்பில்லை. கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அவசரக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே இதைக் கண்டு தெரிவித்திருந்தது.

அறைத் தடுப்பு வேலை செய்தது என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்லலாம். ஆனால் முதல் நாள் மறுப்பில் ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. அணு உலையை இயக்கும் வலையைத் தொட முடியாது என்பதை, எதையுமே தொட முடியாது என்பது போலச் சொன்னார்கள். உளவு நிரலுக்கு உலையின் பொத்தான் தேவையில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார், எந்தக் கம்பெனியிடம் என்ன வாங்குகிறார்கள் என்பதெல்லாம் நிர்வாகக் கணினியில்தான் கிடைக்கும். அடுத்த ஃபிஷிங் மெயிலை நம்பும்படி எழுத இவை போதும்.

சாமர்த்தியமான எதிரி காப்பு நகலைக்கூட விடுவதில்லை. 2023 ஜூலை 4 காலை ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கண்டெய்னர் முனையங்களை நடத்தும் அமைப்பு நின்றது. பிரின்டரில் மிரட்டல் கடிதம் வந்தது. லாக்பிட் என்ற ரான்சம்வேர். வெளியிலிருந்து ஊழியர்கள் உள்ளே வரப் பயன்படும் விபிஎன் கருவி வழியாகப் புகுந்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. விபிஎன் என்பது பொது வழியில் போடும் சங்கேதச் சுரங்கம். சுரங்கத்தின் கதவே பழசாகிவிட்டால் அது எதிரிக்கும் சுரங்கம்தான். காப்பு நகலிலும் கிருமி இருந்ததால் சுத்தம் செய்ய நேரமானது. ஆனாலும் இரண்டரை நாளில் பெட்டிகள் மீண்டும் நகர்ந்தன.

இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது எங்கிருந்து வந்தார் என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த உத்தரவில் பலரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது: எல்லாக் கணினிகளும் தங்கள் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். கேட்டுக் கணினியின் கடிகாரம் 4 நிமிடம் பிந்தி, ஃபயர்வாலின் கடிகாரம் 3 நிமிடம் முந்தி ஓடினால், பதிவுகளை அடுக்கிப் பார்க்கும்போது திருடன் கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருந்ததாகத் தெரியும். விசாரணைக்கு வருபவர்கள் முதலில் தேடுவது தீநிரலை அல்ல. எந்தக் கணினியின் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதைத்தான்.